பட்டினி வயிற்றில் கோழிக்கறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமுளியிலிருந்து பீர்மேட்டுக்கு வரும் முதல் பஸ்ஸில் உங்களுக்கு இடம் கிடைத்தால் நீங்கள் புண்ணியவான். கிடைக்காது. உள்ளே முழுக்கப் பிள்ளைகள், பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மார், தாய்மார் சுமக்கும் கோழிகள். கோழிக்கும் டிக்கெட் கேட்டுப் பார்த்துக் கண்டக்டர் அலுத்துவிட்டார். அத்தனை பேரும் எங்கள் தேயிலை எஸ்டேட் முக்கில் இறங்கிப் பந்து விளையாடும் மைதானத்துக்கு ஓடுவார்கள். அங்கேதான் குழல்சாமி உட்கார்ந்திருப்பார்.

எழுபத்து நான்காம் வருஷம் அது. ரேஷன் கடைக்காரர் அரிசி இல்லை என்று சொல்லவும் சலித்துப்போய், அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்த காலம். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் காலையில் பால் இல்லாத கட்டன் சாயா, ராத்திரிக்கு மரவள்ளிக்கிழங்கு. நடுவில் பசி. பிள்ளைகளெல்லாம் கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு திரிந்தன.

இதற்குக் காரணம் என்ன? சோறு இல்லாததுதான் என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு சாஸ்திரம் தெரியாது. காரணம் தொக்கமாம்! பிள்ளை தின்ற பண்டம் ஏதோ ஒன்று குடலில் ஒட்டிக்கொண்டதாம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டால் பிள்ளை தேறிவிடுமாம். அதற்காகவே கம்பத்திலிருந்து மலையேறி வந்தார் இந்த மகான். கையில் ஒரு சாண் நீளத்தில் பித்தளைக் குழல்.

வைத்தியத்தைக் கேளுங்கள். பிள்ளையைத் தாய் மடியில் போட்டுத் தலை முதல் கால் வரை கம்பளியால் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் தொக்கம் வேறு குடலுக்கு ஓடிவிடும். கம்பளிச் சந்து வழியாகக் குழலின் ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறு முனையை வாயில் வைத்து, சாமி கண்ணை மூடுவார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு வாழையிலைத் துண்டில் 'பொத்' என்று துப்புவார். அதில் ஒரு கறித்துண்டு கிடக்கும். கூட்டம் "ஆத்தாடி!" என்று வாயைப் பிளக்கும்.

நாலைந்து பிள்ளைக்கு ஒரு தடவை சாமி எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஜெபம் பண்ணிவிட்டு வருவார். போகும்போது நன்றாகப் பேசிக்கொண்டு போவார். வரும்போது மௌனம். வாய் நிறைய மந்திரம் இருக்கிறதாம், பேசினால் சிந்திவிடுமாம். கன்னம் இரண்டும் புடைத்திருக்கும். மந்திரம் இவ்வளவு தடிமனாக இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது.

காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு பெரிய துறவி. கோழி, முட்டை, ஆழாக்குப் பயறு, இவை மட்டும் காணிக்கை. திரைக்குப் பின்னால் போவதும் கோழி, பிள்ளை வயிற்றிலிருந்து வருவதும் கோழி, நடுவில் ஒரு சாமி. இந்தக் கணக்கு ஒருவருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. இத்தனைக்கும் நான் அந்த எஸ்டேட்டின் கணக்கப்பிள்ளை. பெயர் கபிரியேல். பெண்கள் பறிக்கிற கொழுந்தைத் தராசில் நிறுத்துப் பதிகிறது என் வேலை.

நானும் போனேன், ஐயா. ஞாயிறு பூசை முடிந்த கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். என் மகள் வயிற்றிலிருந்து கோழி ஈரல் வந்தது. என் மனைவி செபமாலையம்மாள் ஈரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல கோழி அடிச்சு ஒரு வருசம் ஆச்சு. எவ வீட்டுல வாங்கிக் குடுத்தீக?" என்றாள்.

மூன்று நாள் எனக்குச் சோறு போடவில்லை. சாமி பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புருஷன்தான் பொய்யனாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஏன் இப்படி நம்பினார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் கசக்கும். டிஸ்பென்சரிக்கு வருகிற மலையாளத்து நர்ஸ் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாப்பாடு போதலை" என்பாள். நாலு பேர் நடுவில் அதைக் கேட்டால் பெற்றவளுக்கு முகம் சுண்டிப்போகும். சாமி அப்படியா சொன்னார்? உன் பிள்ளை கறி தின்றிருக்கிறது, அளவுக்கு மிஞ்சித் தின்றதால் சிக்கிக்கொண்டது என்று இலையில் போட்டுக் காட்டினார். எந்தத் தாய்க்குத்தான் பெருமையாக இருக்காது? இலையைக் கையில் ஏந்திக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தவள்கூட உண்டு. எங்கள் வீட்டிலும் கறி வேகிறது என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்!

துரைக்கு அதைவிட சந்தோஷம். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, வெள்ளைக்காரர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த எங்கள் மேனேஜர். மைதானத்தை சாமிக்கு விட்டுக் கொடுத்தவர் அவர்தான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகைக்கு எஸ்டேட் கணக்கில் தினம் பால் வரும். "கறி தின்னு செரிக்காத புள்ளைகளுக்குப் பால் எதுக்கு?" என்று கேட்டு அதைப் பாதியாக வெட்டினார். நியாயமான கேள்வி.

அந்தக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா குருவம்மாள். வாய் பொல்லாதவள். எந்தப் பிள்ளை எத்தனை வாய் தின்றது என்று அவளுக்கு மனப்பாடம். நர்ஸ் கொடுத்துவிட்டுப் போகும் மஞ்சள் மாவைக் கிண்டி ஊட்டுகிறவளும் அவள்தான். சோளமும் பயறும் அரைத்த சத்துமாவு அது. ஆனால் சாமி நோட்டீஸ் அச்சடித்துவிட்டார். தொக்கம் எடுத்தபின் இருபத்தொரு நாள் பத்தியம். பால், முட்டை, பயறு, கீரை, நிலக்கடலை, மஞ்சள் மாவு ஆகாது. கஞ்சித் தண்ணீர் மட்டும். தாய் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தால் அவளுக்கும் அதே பத்தியம், உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் தொக்கம் பிடித்துவிடக் கூடாதல்லவா? மாவு மூட்டை கொட்டகை மூலையில் அப்படியே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குருவம்மாள் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். பின்னால் மாரித்தாய் ஓடி வந்தாள். மாரித்தாய்க்கு வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை அவளுடைய மூத்தவன் நல்லமுத்து. இரண்டு வயது முடிந்தும் நிற்கத் தெரியாதவன்.

"கணக்கப்புள்ள, கொக்கிய மாட்டுங்க. இவன நிறுக்கணும்" என்றாள் குருவம்மாள்.

"புள்ளைய நிறுக்குற தராசா இது?"

"கொழுந்து நிறுக்கும், புள்ளைய நிறுக்காதோ? மாட்டுங்கய்யா!"

கொழுந்து கட்டும் படங்குச் சாக்கில் பிள்ளையை உட்காரவைத்துக் கொக்கியில் தொங்கவிட்டோம். அழக்கூட இல்லை. ஐந்தே முக்கால் கிலோ.

"போன மாசம் டிஸ்பென்சரில நிறுத்தப்ப ஆறரை. தொக்கம் எடுத்து இருவது நாள்ல முக்காக் கிலோ போச்சு. எடுத்தது தொக்கமா, உசுரா?" என்று மாரித்தாயைப் பார்த்துக் கேட்டாள் குருவம்மாள்.

"அது பத்தியத்துல வத்துறதுதான் மதினி. உள்ள இன்னொரு தொக்கம் இருக்காம். நாளைக்கு ரெண்டாவது வாட்டி எடுக்க வரச் சொல்லியிருக்காக. கருப்புப் பெட்டைக் கோழிய நேந்துவிட்டிருக்கேன்" என்றாள் மாரித்தாய்.

அவள் புருஷன் பெரியமுத்து பீடி குடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றான். "சும்மா கெடங்க மதினி. புள்ள தேறித்தான் வாரான். முடியப் பாருங்க, செம்பட்டையா, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வீட்டுப் புள்ள மாதிரி மாறிட்டு வருது" என்றான். சத்து இல்லாமல் முடி வெளுக்கிறது என்று நர்ஸ் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இவனுக்கு அதிலும் ஒரு பெருமை.

குருவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "ஏத்தா, இன்னொரு இருவத்தோரு நாள் இவனுக்குக் கஞ்சித் தண்ணி ஊத்துனா இவன் இருக்கமாட்டான். நான் ஏழு வருசமா புள்ளைகளப் பார்க்கேன். குழி தோண்டுறதையும் பார்த்திருக்கேன்" என்றாள்.

மாரித்தாய் பிள்ளையைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். "வாயில வராத வார்த்தையச் சொல்லாதீக. இவன் பொழைக்கணும்னுதான நான் அலையுறேன்? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க!"

பிறகு குருவம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணு செய்வோம். நாளைக்கு சாமிகிட்ட நீ போ. ஆனா மொதல்ல புள்ளைக்குப் பதிலா மஞ்ச மாவு மூட்டைய மடியில வச்சுக் காட்டு. மாவு கறி திங்காதுல்ல? 'இதுல ஒண்ணுமில்ல, இது புள்ளையே இல்ல'ன்னு சாமி சொல்லிட்டா, அவரு நெசமான சாமி. நானே ஒம் புள்ளையத் தூக்கியாந்து அவரு கால்ல போடுறேன். இனிமே வாயே தொறக்கமாட்டேன்."

மாரித்தாய் யோசித்தாள். சாமி தோற்பார் என்று அவளுக்கு நினைப்பே இல்லை. "சாமி பார்த்ததும் கண்டுபிடிச்சிருவாக. ஒங்க மூஞ்சிதான் கரியாகும், பார்த்துக்கோங்க" என்றாள்.

"ஆகட்டும். கழுவிக்கிறேன்."

ராவோடு ராவாக வேலையெல்லாம் இல்லை. அங்கேயே, என் தராசிலேயே, கொட்டகையிலிருந்து எடுத்துவந்த மாவில் ஐந்தே முக்கால் கிலோ நிறுத்து ஒரு துணிப்பையில் கட்டினோம். பையின் கழுத்தைச் சுருக்கி மேலே ஒரு குரங்குக் குல்லாவை மாட்டினாள் குருவம்மாள். நடுவில், பிள்ளைக்கு வயிறு இருக்கவேண்டிய இடத்தில், குழல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, அதன்மேல் ஒரு துணியை மடித்து வைத்தாள்.

"ஓட்டை எதுக்கு?" என்றேன்.

"நாளைக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் மைதானத்தில் பனிமஞ்சு இறங்கியிருந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. காணிக்கைக் கோழிகள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னால் போயின. மாரித்தாயின் கருப்புப் பெட்டையும் போனது. அது கொக்கரித்துக்கொண்டே போனதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கொக்கரிப்பு நின்று, அங்கிருந்து வதக்குகிற வாசனை வந்தது. நைவேத்தியமாம். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் மூக்கை அந்தப் பக்கம் திருப்பின.

அரை மணி நேரம் கழித்து மாரித்தாயின் முறை வந்தது. குழல்சாமி அப்போதுதான் ஜெபம் முடித்துத் திரையிலிருந்து வந்து உட்கார்ந்தார். மௌனம். கன்னம் இரண்டும் புடைப்பு. மாரித்தாய் மடியில் மூட்டை, மூட்டையின் மேல் கம்பளி. குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நல்லமுத்து என் தோளில் சாய்ந்து கிடந்தான்.

"காய்ச்சல்ல அசந்து தூங்குறான் சாமி" என்றாள் குருவம்மாள், ரொம்பப் பணிவாக.

சாமி தலையை ஆட்டினார். அவசரம் அவருக்கு, இன்னும் முப்பது பிள்ளை பாக்கி. கம்பளிச் சந்தில் குழலை விட்டார். துணியை விலக்கிக் குழலின் முனையை ஓட்டைக்குள் நுழைய விட்டாள் குருவம்மாள். சாமி கண்ணை மூடினார். 'சர்ர்ர்' என்று வழக்கத்தைவிட நீளமாக ஒரு சத்தம். ஞானதிருஷ்டிக்கு மாவு மூட்டையும் பிள்ளையும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பொத்!

இலையில் ஒரு துண்டு. வதக்கிய கோழி ஈரல்.

"ஆத்தாடி, ஈரலு!" என்றது கூட்டம். சாமி விரலை மடக்கி இருபத்தொரு நாள் என்று சைகை காட்டினார்.

குருவம்மாள் எழுந்து கம்பளியை ஒரே இழுப்பில் உருவினாள். குரங்குக் குல்லாவையும் கழற்றினாள். மூட்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். ஓட்டை வழியாக மஞ்சள் மாவு பொலபொலவென்று கொட்டியது.

"எல்லாரும் பாத்துக்கோங்க! புள்ள இல்ல, மாவு மூட்டை! குழலு மாவுக்குள்ளதான் இருந்துச்சு. நெசமா உறிஞ்சியிருந்தா சாமி வாய்க்குள்ள மஞ்ச மாவுல்ல போயிருக்கணும்? இலையில ஒரு பொட்டு மாவு இருக்கா? ஈரல் எங்கயிருந்து வந்துச்சு? சொல்லுங்க சாமி!"

சாமி சொல்லவில்லை. சொல்ல முடியாது, வாய் நிறைய இன்னும் மந்திரம் இருக்கிறதே! கையை மட்டும் வானத்துக்குக் காட்டினார்.

இந்த இடத்தில் கூட்டம் பொங்கி எழுந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். எழவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து பெரியமுத்து, மெய்சிலிர்த்துப் போய், கைகூப்பிக்கொண்டு சொன்னான்: "பாத்தீகளா, மாவுக்கே தொக்கம் புடிச்சிருக்கு! அதான் சாமி அதத் திங்கக் கூடாதுன்னாக!"

நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மனைவி செபமாலையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். மனுஷனுக்கு மூளையைக் கொடுத்ததோடு, அதைப் பத்திரமாகப் பூட்டிவைக்க ஒரு பூட்டையும் யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

மாரித்தாய் மட்டும் அசையவில்லை. இலையிலிருந்த ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை விரலால் தொட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"இது எங் கருப்பி" என்றாள்.

அவள் குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு மைதானம் முழுக்கக் கேட்டது.

"குஞ்சுலயிருந்து வளத்தேன். அது போட்ட முட்டைய எம்புள்ள வாயில ஒரு நாள் வச்சதில்ல. இந்தப் பாவிக்கு நேந்து, நேந்து, எல்லாத்தையும் இங்கதான கொண்டாந்து கொட்டுனேன்! எம்புள்ள பொறந்ததுலயிருந்து கறி தின்னதில்லய்யா! ஒரு துண்டு தின்னதில்ல! போன மாசம் அவன் வயித்துலருந்து கறி வந்தப்ப எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிஞ்சும் பெருமைக்கு வாய மூடிக்கிட்டேன்! ஏன், உங்களுக்குத் தெரியாதா? உங்க புள்ளைக எப்பக் கறி தின்னுச்சு? சொல்லுங்கடி!"

தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. செபமாலையம்மாள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாள் பட்டினிக்கு அதுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு.

"வாயத் தொறங்க சாமி" என்றாள் குருவம்மாள்.

சாமிக்கு வேறு வழி இல்லை. அத்தனை மந்திரத்தையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தார். மந்திரம் இறங்கவில்லை. தொண்டையில் நின்றுவிட்டது. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது, கையைக் காலை உதறினார். இத்தனை நாள் அவர் பேசிய தொக்கம் கடைசியில் ஒருவருக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது.

"செத்துத் தொலைஞ்சிடாதய்யா!" என்று குருவம்மாள் அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். இன்னொன்று. மூன்றாவது அறையில் நாலு ஈரல் துண்டும் ஒரு கோழிக்கறித் துண்டும் மைதானத்தில் வந்து விழுந்தன. அங்கே நிஜமாகத் தொக்கம் எடுத்தது அந்த ஒரு தடவைதான். எடுத்தவளுக்குக் காணிக்கை கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரைச்சீலையைக் கிழித்தார்கள். பின்னால் அடுப்பு, வாணலி, முட்டைக் கூடை, காலைக் கட்டிய பதினோரு கோழிகள். பெண்கள் கோழிகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மொக்கையன் மதியப் பஸ்ஸில் கம்பத்துக்கு இறங்கினான். ஆமாம், சாமியின் பெயர் மொக்கையன். பயத்தில் அவனே சொல்லிவிட்டான். சந்தைகளில் வாயிலிருந்து ரிப்பன் உருவி வித்தை காட்டிக்கொண்டிருந்தவனாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது நான் வழக்கம்போல ஈரக் கழிவு என்று கூடைக்கு ஒரு கிலோ தள்ளினேன். வழக்கம்போல மாரித்தாய் என் சட்டையைப் பிடித்தாள். பின்னாலேயே குருவம்மாள், கொட்டகைப் பிள்ளைகள் நாற்பத்திரண்டையும் அண்ணன், அக்காமாரை ஆளுக்கொன்றாகத் தூக்கி வரச்செய்து வந்து நின்றாள். தாய்மார் பார்க்க ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தோம். பழைய எடையை அவள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூட ஏறவில்லை.

"கொழுந்துல அரைக் கிலோ கொறஞ்சா கணக்கப்புள்ள சட்டையப் புடிக்கீக. புள்ளையில முக்காக் கிலோ கொறஞ்சப்ப எவன் சட்டையப் புடிச்சீக?" என்றாள் குருவம்மாள். "சாமி போயிட்டான். பாதிப் பால வெட்டுனவரு பங்களாவுலதான் இருக்காரு."

பறித்த கொழுந்து வாடினால் வாடட்டும் என்று கூடைகளை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் பங்களாவுக்கு நடந்தார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வேலை போய்விடும் என்று பயம்தான். ஆனால் மாரித்தாய் இன்னும் என் சட்டையை விட்டிருக்கவில்லை. துரை வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார், டெலிபோன் பேசினார். மூன்றாம் நாள் பால் முழுசாக வந்தது. தண்ணீர் கலந்துதான் வந்தது. அதற்கு அடுத்த வாரம் தனியாக ஒரு சண்டை போட்டோம்.

நல்லமுத்து பிழைத்துக்கொண்டான். மைதானத்தில் சிந்தியது போக அந்த மூட்டை மாவு முழுவதையும் அவனே தின்று தீர்த்தான், மேலும் கேட்டான். தை மாதம் தங்கச்சி பிறந்தபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடி கறுத்துவிட்டது. பெரியமுத்துக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்போது மீனாட்சிபுரம் பக்கம் ஒரு சாமி வந்திருப்பதாகக் கேள்வி. வெள்ளிக் குழலாம், மௌனமாம், கூட்டம் தாங்கவில்லையாம். நீங்கள் போகிறவராக இருந்தால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன்னால், நேர்ந்துவிட்ட கோழியை அறுத்துக் குழம்பு வைத்து உங்கள் பிள்ளைக்குப் போடுங்கள். கறி சிக்கிக்கொள்வதற்காகவாவது பிள்ளை ஒரு நாள் கறி தின்றிருக்க வேண்டாமா?